பதிவு பெற்ற நடுவிலைக் கருத்தாளர்

மார்ச் மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சலவைக் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில் இருக்கும் ஒயின் கடையிலிருந்து பதினேழு அட்டைகள் கைப்பற்றப்பட்டன. கைப்பற்றியவர் ஒயின் சுவைக் கருத்து வாரியத்தின் ஆய்வாளர். அட்டைகளை அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையின் மேல் 17 என்று எழுதினார். எழுதிய பிறகு இன்னொரு முறை எண்ணினார்.

கடைக்காரரை அந்தத் தெருவே அக்கா என்று கூப்பிட்டது. உண்மையில் அவர் ஒரே ஒருவருக்குத்தான் அக்கா. அந்த ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தாறு. உயரமான கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறைகளில் பகலைக் கழித்துவிட்டு, மாலையில் தரைக்கு இறங்கி வந்து, வெள்ளிக்கிழமைகளில் ஒரு பாட்டில் ஒயின் குடிப்பார். விலை அதிகமானது அவருக்குக் கட்டுப்படியாகாது. விலை குறைந்தது மறுநாள் தலையைப் பிடிக்கும். ஆகவே நடுத்தட்டில் இருப்பதை எடுப்பார்.

அட்டைகள் வந்த கதை எளியது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புவரை அக்கா அதே கடையில் குடையும் பள்ளிப் பையும் விற்றுக்கொண்டிருந்தார். குடைகளைத் தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் கூரையில் இருக்கின்றன. ஒயினுக்கு மாறியபோது அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. குடையைக் காட்டி "இது எப்படி?" என்று கேட்டால் விரித்துக் காட்டலாம். பாட்டிலைக் காட்டிக் கேட்டால் அக்காவிடம் பதில் இல்லை. அவர் வாழ்க்கையில் ஒரு சொட்டு ஒயின் குடித்ததில்லை. தம்பியிடம் கேட்டார். தம்பி எழுதிக் கொடுத்தார்.

லிஃப்ட் கம்பெனி ஒருமுறை தொலைபேசி எண்ணைத் தப்பாக அச்சடித்து ஆயிரம் அட்டைகளை வீணாக்கியிருந்தது. ஒரு பக்கத்தில் "லிஃப்ட் பழுது. படியைப் பயன்படுத்தவும்" என்று இருக்கும். மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில்தான் லிஃப்ட்காரர் எழுதினார். கைப்பற்றப்பட்டவற்றில் நான்கு இவை:

"வேலை முடிந்து காலை நீட்டி உட்கார்ந்த பிறகு குடிக்க வேண்டியது. முதல் கிளாஸ் சுமார். இரண்டாவது நன்றாக இருக்கிறது. மூன்றாவது பற்றி நினைவில்லை."

"புளிப்பு கொஞ்சம் தூக்கல். மூடியைத் திறந்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தால் சரியாகிவிடுகிறது."

"மாமியார் வரும்போது வாங்கலாம். அவரும் குறை சொல்ல மாட்டார், நமக்கும் மிச்சம் இருக்கும்."

"லேபிளில் குதிரை இருக்கிறது. வேறு விசேஷம் எதுவும் இல்லை."

இவற்றைப் படித்துவிட்டு மக்கள் வாங்கினார்கள். குதிரையைக்கூடச் சிலர் வாங்கினார்கள். உண்மையைச் சொல்லி விற்கிற கடை என்றார்கள்.

"இதையெல்லாம் எழுதினது யாரு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"என் தம்பி."

"என்ன வேலை பாக்குறாரு?"

"லிஃப்ட் ரிப்பேர்."

ஆய்வாளர் குறித்துக்கொண்டார். "லிஃப்டைப் பத்தி அவரு என்ன வேணாலும் சொல்லலாம். தடையில்ல. ஒயினைப் பத்திக் கருத்துச் சொல்றதுக்குப் பதிவு எண் வேணும்."

"அவன் கருத்தெல்லாம் சொல்லலை சார். குடிச்சான். எப்படி இருந்துச்சுன்னு எழுதினான்."

"அதுக்குப் பேருதான் கருத்து, அம்மா."

"வாங்கிட்டுப் போறவங்க மறுநாள் வந்து 'நல்லா இருந்துச்சு'ன்னு என்கிட்ட சொல்றாங்களே, அது?"

"வாயால சொன்னா அது பேச்சு. அட்டைல எழுதினா கருத்து." ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "படியைப் பயன்படுத்தவும். இது எந்த ஒயினுக்கு?"

"அது பின்பக்கம் சார். அட்டையோட பின்பக்கம்."

ஆய்வாளர் பதினேழு அட்டைகளையும் திருப்பிப் பார்த்தார். பட்டியலில் ஒவ்வொரு ஒயினுக்கு எதிரிலும் "படியைப் பயன்படுத்துமாறு பரிந்துரை செய்துள்ளார்" என்று எழுதினார். பிறகு ஒரு தாளைக் கிழித்து அக்காவிடம் கொடுத்தார். கடையின் உரிமம் ஏப்ரல் முப்பதாம் தேதி முடிகிறது. அதற்குள் மேற்படி கருத்துகளைக் கூறியவர் வாரியத்தின் தேர்வில் தேறி நடுவிலைக் கருத்தாளராகப் பதிவு பெற வேண்டும். தவறினால் உரிமம் புதுப்பிக்கப்படாது. கடை பூட்டி முத்திரையிடப்படும்.

அன்று மாலை அக்கா தம்பியை ஸ்டூலில் உட்காரவைத்துத் தாளைப் படித்துக் காட்டினார்.

"பரீட்சையா? பள்ளிக்கூடத்தோட அதை விட்டேன்க்கா நான்."

"விட்டதைப் பிடி. ஒன்பது வருஷம் இந்த ஒயினை வச்சுக்கிட்டு நின்னுருக்கேன். உன் அட்டையால மூடினாங்கன்னா உன் வீட்டுக்குத்தான் வந்து உக்காருவேன். தினமும்."

லிஃப்ட்காரர் மறுநாளே விண்ணப்பம் வாங்கப் போனார்.

வாரியம் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவில் கயிறு கட்டியிருந்தார்கள். அவர் கதவிடுக்கில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார்.

"பிரேக் லைனிங் தேஞ்சு கருகியிருக்கு. அரை நாள் வேலை," என்று காவலாளியிடம் சொன்னார்.

"பெரிய நிபுணர்களெல்லாம் மேல இருக்காங்க," என்றார் காவலாளி. "இதுல என்ன வாசம் வருதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லலை."

விண்ணப்பத்தில் இருபத்திரண்டு கேள்விகள். ஏழாவது: "விண்ணப்பதாரர் இதற்கு முன் ஒயின் அருந்தியதுண்டா? ஆம் எனில், காரணம்." லிஃப்ட்காரர் "ஆம். வெள்ளிக்கிழமை" என்று எழுதினார். வாங்கிப் பார்த்த எழுத்தர் அந்த வரியின் மேல் சற்று நேரம் விரலை வைத்திருந்தார். பிறகு முத்திரை குத்தினார்.

பயிற்சி வகுப்பு ஐந்து சனிக்கிழமைகள் நடந்தது. பயிற்றுநர் முதல் நாள் நடுவிலைக்கு வாரியத்தின் வரையறையைச் சொன்னார்: யோசிக்காமல் வாங்க முடியாததும், யோசித்தால் வாங்கிவிடக்கூடியதுமான விலை. மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் வந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஈரக் கருங்கல், பழைய சேணம், பென்சில் சீவல், காட்டுத் தரை, பூனைத் தடம், மழைக்குப் பிந்தைய சுண்ணாம்புச் சுவர். இவற்றுள் நடுவிலைப் பிரிவினர் அறுபத்து நான்கை மட்டுமே பயன்படுத்தலாம். ஈரக் கருங்கல் உயர்விலைக்கு உரியது. நடுவிலைக்கு வெறும் ஈரம் போதும்.

பயிற்றுநர் ஒரு கிளாஸை நீட்டி, என்ன மணம் வருகிறது என்று கேட்டார். லிஃப்ட்காரர் முகர்ந்தார். அவருடைய தொழிலில் மூக்கு ஒரு கருவி. மோட்டார் சுருள் கருகுவதை மீட்டர் காட்டுவதற்கு முன்பே அவருடைய மூக்கு சொல்லிவிடும்.

"புதுக் கேபிள்ல தடவுற கிரீஸ் மாதிரி ஒண்ணு லேசா வருதுங்க. கெட்ட வாசனை இல்ல. அதுக்கப்புறம் கருப்பு பிளம்ஸ்."

"கிரீஸ் பட்டியல்ல இல்ல. பழைய சேணம்னு எழுதுங்க."

"சேணத்தை நான் மோந்து பாத்ததில்லீங்களே."

"இந்த ரூம்ல யாருமே பாத்ததில்ல. நானும் பாத்ததில்ல. அதனாலதான் அது பொதுச் சொல். கிரீஸ்னு எழுதினா மெக்கானிக்குக்கு மட்டும்தான் புரியும். சேணம்னா எல்லாருக்கும் ஒரே அளவுல புரியாது. அதுதான் நியாயம்."

இரண்டாவது சனிக்கிழமை மணக் குப்பிகள் கொண்டுவரப்பட்டன. வெல்வெட் பெட்டிக்குள் அறுபத்து நான்கு குப்பிகள். வாரியம் அவற்றை வாங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது எல்லாவற்றிலும் ரப்பர் மூடியின் வாசனைதான் வந்தது. லிஃப்ட்காரர் அதைச் சொன்னார்.

"நம்பரைப் பாத்து மனப்பாடம் பண்ணுங்க," என்றார் பயிற்றுநர் அன்பாகவே. "போன தடவை மூக்கை நம்பினவங்க எல்லாரும் ஃபெயிலு."

மூன்றாவது சனிக்கிழமை மதிப்பெண். நூற்றுக்கு எத்தனை என்பதை விலை முடிவு செய்யும். நடுவிலை என்றால் எழுபத்தெட்டிலிருந்து எண்பத்து நான்கு வரை.

"சார், ஒரு சந்தேகம். நடுவிலைல ஒண்ணு நிஜமாவே பிரமாதமா இருந்தா?"

"இருக்காது."

"இருந்தா?"

"அப்ப அதோட விலை தப்பு. நாம எண்பத்தஞ்சு போட்டோம்னா, கம்பெனிக்காரன் மறுநாளே விலையை ஏத்திடுவான். உங்க அக்கா கடைல அது மேல்தட்டுக்குப் போயிடும். அப்புறம் நீங்க வாங்க முடியாது. மட்டமா மார்க் போடுறது மக்களுக்குச் செய்யிற உபகாரம்னு வச்சுக்கங்க."

"மார்க் முன்னாடியே முடிவுன்னா, அப்புறம் எதுக்குங்க வாயில ஊத்திப் பாக்கணும்?"

"எழுபத்தொன்பதா எண்பதான்னு முடிவு பண்ண வேண்டாமா?"

கடைசி இரண்டு சனிக்கிழமைகளும் துப்பும் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டன. வாரியத்தின் பெருமை அதில்தான் இருந்தது. வாயில் வாங்கிய ஒயினை எட்டு நொடி சுழற்றி, தலையை ஒரு விரற்கடை குனிந்து, சட்டையில் தெறிக்காமல், சத்தமின்றி, ஒரு கை தொலைவில் உள்ள எவர்சில்வர் கலத்தில் ஒரே கோடாகத் துப்ப வேண்டும். பயிற்றுநர் துப்பிக் காட்டியபோது அது குழாயிலிருந்து வருவதுபோல் நேராக வந்தது. வகுப்பு கை தட்டியது. லிஃப்ட்காரர் தண்ணீரை வைத்துப் பழகினார். அவற்றில் முதல் சனிக்கிழமை பக்கத்து நாற்காலிக்காரரின் காலணி நனைந்தது. இரண்டாவது சனிக்கிழமை கலத்தின் விளிம்புவரை வந்துவிட்டார். வீட்டில் குளியலறையில் பழகினார். வெளியே மனைவி கதவைத் தட்டினார்.

"என்னங்க சத்தம் அது? வாந்தியா?"

"படிக்கிறேன்."

தேர்வு ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி, வெள்ளை ஓடு பதித்த அறையில் நடந்தது. எதிரே மேசையில் மூன்று பேர்: நடுவில் வாரியத் தலைவர், வலப்பக்கம் ஆய்வாளர், இடப்பக்கம் பயிற்றுநர். மூலையில் எழுத்தர். லிஃப்ட்காரருக்கு முன் ஐந்து கிளாஸ்கள், ஒரு கலம், ஒரு தாள்.

முதல் கிளாஸ். சுழற்றினார், துப்பினார். "ஈரம், பழைய சேணம், எண்பது" என்று எழுதினார். பயிற்றுநர் தலையசைத்தார். இரண்டாவது கிளாஸ். "பென்சில் சீவல், எழுபத்தொன்பது." ஒரு துளி மட்டும் மேசையில் விழுந்தது. ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டாலும் முகம் சுளிக்கவில்லை.

மூன்றாவது கிளாஸை வாயில் வைத்தார். எட்டு நொடி கடந்தது. பத்து நொடி. லிஃப்ட்காரரின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. மேசைக்கு அடியில் அவருடைய கால்கள் தாமாகவே நீண்டன. பிறகு அறையில் ஒரு சிறிய சத்தம் கேட்டது.

மேசையில் இருந்த மூவரும் கலத்தை எட்டிப் பார்த்தார்கள். அதில் புதிதாக எதுவும் விழவில்லை.

"விழுங்கிட்டீங்களா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. தானா போயிடுச்சு."

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்துப் பதினொன்று நாற்பத்திரண்டு என்று பதிவு செய்தார். தேர்வு நிறுத்தப்பட்டது. மீதி இரண்டு கிளாஸ்களும் சாட்சியப் பொருள்களாக மூடி வைக்கப்பட்டன.

விசாரணை ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி. உரிமம் முடிய ஆறு நாள் இருந்தது. உரிமதாரர் என்ற முறையில் அக்காவும் அழைக்கப்பட்டிருந்தார். நான்கு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. வாசலருகே போட்டிருந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். மேசைமேல் பதினேழு அட்டைகளும் பரப்பப்பட்டிருந்தன.

தலைவர் எழுந்து நின்றே பேசினார். மெலிந்த மனிதர், சட்டை அத்தனை வெள்ளை.

"முப்பத்தோரு வருஷமா இந்த வாரியத்துல இருக்கேன். பதினாலாயிரம் ஒயின் என் வாய்க்குள்ள வந்து போயிருக்கு. ஒரு சொட்டு தொண்டையைத் தாண்டினதில்ல. அதனாலதான் என் கருத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. நான் சொல்ற ஒயினால எனக்கு எந்த லாபமும் இல்ல, சந்தோஷமும் இல்ல. குடிக்கிறவன் என்ன சொல்லுவான்? தனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுவான். அது அவன் சமாச்சாரம். ஒயினைப் பத்தின சமாச்சாரம் இல்ல. ஒயினையும் குடிக்கிறவனையும் பிரிச்சு வைக்கத்தான் இந்த வாரியமே இருக்கு. குடிச்சுப் பாத்தவன் எல்லாம் கருத்துச் சொல்லலாம்னு ஆயிட்டா, அப்புறம் நாங்க எதுக்கு?"

கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"விழுங்கின பிறகு என்ன நடந்துச்சு?" என்று ஆய்வாளர் கேட்டார். "பதிவுக்காகக் கேக்குறேன்."

"நல்லா இருந்துச்சுங்க."

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். "அது பட்டியல்ல இல்ல, சார்."

"இன்னும் விவரமா சொல்லுங்க," என்றார் பயிற்றுநர்.

"தொண்டைல இறங்கும்போது கொஞ்சம் சூடா இருந்துச்சு. அப்புறம் நெஞ்சுல வந்து நின்னுச்சு. நாக்குல இருந்தப்ப புளிப்பா தெரிஞ்சது, உள்ள போன பிறகு புளிப்பா தெரியலை. அடுத்த வாய் குடிக்கணும் போல இருந்துச்சு."

"நெஞ்சுலயா?" என்றார் ஆய்வாளர்.

"இங்க." லிஃப்ட்காரர் சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தொட்டுக் காட்டினார். மேசைக்குப் பின்னால் இருந்த மூவரும் அந்தப் பொத்தானைப் பார்த்தார்கள். பயிற்றுநர் தம்மை அறியாமல் தம் பொத்தானைத் தொட்டுக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் குறிப்புல வேண்டாம்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க இந்த ஒயின்களைக் குடிச்சிருக்கீங்களா?"

"நான் தொட்டதே இல்லைங்க. எனக்கு அந்த வாசனையே ஆகாது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களே விண்ணப்பிச்சிருக்கலாமே, அம்மா," என்றார் தலைவர் உண்மையான வருத்தத்தோடு. "முழுத் தகுதியும் உங்ககிட்டதான இருக்கு."

"சார், அவன் பரீட்சைல செஞ்சது தப்புதான். அதுக்காகக் கடையை மூடாதீங்க. நான் திரும்பவும் குடை விக்கப் போக முடியாது. இப்ப குடை எல்லாம் எல்லாரும் போன்ல வாங்குறாங்க."

மூவரும் தலைகளைச் சேர்த்து ஐந்து நிமிடம் கிசுகிசுத்தார்கள். வாரியத்துக்குக் கடைகளை மூடுவதில் ஆசை கிடையாது. மூடிய கடைக்கு ஆய்வுக்குப் போக முடியாது. கடைசியில் ஆய்வாளர் ஒரு தாளைத் தட்டச்சு செய்யச் சொல்லி, லிஃப்ட்காரர் முன் வைத்தார்.

"ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி நிகழ்ந்த விழுங்கல் தற்செயலானது. கைப்பற்றப்பட்ட பதினேழு அட்டைகளில் குறிப்பிட்ட ஒயின்களில் எதையும் நான் ஒருபோதும் குடித்ததில்லை என்றும், மேற்படி கருத்துகள் அனைத்தும் அவற்றைக் குடிக்காமலேயே கூறப்பட்டவை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்."

"இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா," என்றார் ஆய்வாளர், "உங்க அட்டை எல்லாமே முறையான கருத்தாயிடும்."

லிஃப்ட்காரர் இரண்டு முறை படித்தார். "பதினேழையும் நான் குடிச்சிருக்கேங்க. குதிரையைத் தவிர எல்லாத்தையும் ரெண்டு தடவை. குடிக்காம எழுதினேன்னா அது ஏமாத்து வேலை இல்லையா?"

"குடிச்சிட்டு எழுதினாத்தான் ஏமாத்து," என்றார் பயிற்றுநர். "அஞ்சு சனிக்கிழமை அதைத்தானே நடத்தினேன்?"

"அந்த விண்ணப்பத்துல ஆமான்னு எழுதிக் கொடுத்திருக்கேனே. ஏழாவது கேள்வி."

தலைவர் எழுத்தரைப் பார்த்தார். ஏழாவது கேள்வி இருந்த பக்கம் கோப்பில் காணப்படவில்லை என்று எழுத்தர் பதிவு செய்தார். பதிவு செய்யும்போது அந்தப் பக்கம் அவருடைய முழங்கைக்கு அடியில் இருந்தது.

லிஃப்ட்காரர் நாற்காலியைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, ஒரு மெஷினை நான் பாக்காம பாத்தேன்னு ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்ல. பாத்ததைப் பாக்கலைன்னு எப்படிப் போடுறது?"

"மெஷின்னா ஆளு செத்துப் போவாங்க. இதுல யாரு சாகப் போறாங்க?"

"ஒவ்வொண்ணும் எந்த வெள்ளிக்கிழமைன்னுகூட எனக்கு ஞாபகம் இருக்கு."

"இருக்கட்டும். குடிச்சதை யாராவது திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்களாடா? குடிச்சது உன் வயித்துல. கையெழுத்து அவங்க காகிதத்துல. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"இந்த அம்மா நம்ம வாரியத்துக்கு வர வேண்டியவங்க," என்று ஆய்வாளர் மெதுவாகச் சொன்னார்.

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டார். மூன்று பிரதிகள்.

அதன்பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. தேர்வின் மீதி இரண்டு கிளாஸ்களுக்கும் அவர் வாயில் வைக்காமலேயே எண்பது போட அனுமதிக்கப்பட்டார். அது இன்னும் தூய முறை என்று தலைவர் பாராட்டினார். பதிவு எண் 48 வழங்கப்பட்டது. உறுதிமொழிப் புத்தகத்தில் இன்னொரு கையெழுத்து இருந்தது: பதிவு பெற்ற கருத்தாளர் தமது பிரிவுக்கு உட்பட்ட எந்த ஒயினையும் வாழ்நாள் முழுவதும் விழுங்க மாட்டார். நடுவிலைக் கருத்தாளர் உயர்விலை ஒயினையோ குறைவிலை ஒயினையோ தாராளமாகக் குடிக்கலாம். அவற்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

கைப்பற்றிய அட்டைகளை ஒவ்வொன்றாக முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். வாரியத்தின் முத்திரை வட்டமானது, ஓர் உள்ளங்கை அகலம். அது எழுத்தின் நடுவில் விழுந்தது. "மாடிக்குப் போய்" என்றோ "மாமியார்" என்றோ ஓரத்தில் ஒன்றிரண்டு சொற்கள் தப்பித்தன. ரசீதில் பதினாறு என்று இருந்தது.

"பதினேழு இல்லையா, சார்?" என்றார் அக்கா.

"பதினாறுன்னுதான் இருக்கு," என்றார் எழுத்தர்.

அக்கா பின்தங்கி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். லிஃப்ட்காரர் முன்னால் போனார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் தலைவர் அவரோடு சேர்ந்துகொண்டார். லிஃப்ட் இல்லாததால் அவரும் படியில்தான் இறங்க வேண்டும்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் தலைவர் இரண்டாவது மாடியில். குரல் தாழ்ந்திருந்தது. "அலுவல் சம்பந்தமா இல்ல."

"கேளுங்க சார்."

"ரெண்டாவது கிளாஸ் நல்லா இருக்குன்னு எழுதியிருந்தீங்களே. ஒரே பாட்டில்தானே? அது எப்படி மாறும்?"

"ஒயின் மாறாது சார். நாமதான்."

தலைவர் நான்கு படி இறங்கும்வரை யோசித்தார். "முதல் கிளாஸை நேரா விட்டுட்டு ரெண்டாவதுலருந்து ஆரம்பிக்க முடியாதா?"

"முடியாதுங்க. நானும் பாத்திருக்கேன்."

"காலை நீட்டணும்னு எழுதியிருந்தீங்க. அது அவசியமா?"

"சாய்வு நாற்காலி இருந்தா நல்லது. இல்லைன்னா கட்டில் ஓரத்துல உக்காந்து எதிர்ல ஒரு ஸ்டூலைப் போட்டுக்கலாம்."

"ஸ்டூல் இருக்கு," என்றார் தலைவர்.

கீழே வந்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேறு பக்கமாக நடந்தார்.

திங்கட்கிழமை மாலை அக்கா போன் செய்தார். கடைக்கு ஒருவர் வந்ததாகவும், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்ததாகவும், சட்டை மட்டும் அத்தனை வெள்ளையாக இருந்ததாகவும் சொன்னார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒயினின் பெயர் தெரியவில்லை. நாட்டின் பெயரும் தெரியவில்லை.

"பதினாலாயிரம் ஒயினைப் பாத்தவருடா, அந்த ஆளு," என்றார் அக்கா. "'காலை நீட்டி உக்காந்து குடிப்பாங்களே, அது'ன்னு கேட்டாரு. எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில நம்ம அட்டை ஒண்ணு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பாட்டிலை சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுப் போனாரு."

"எத்தனை வாங்கினாரு?"

"முதல்ல ஒண்ணு. வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து இன்னொண்ணு."

அட்டைகள் தட்டுகளில் திரும்பவும் வைக்கப்பட்டன. முத்திரைக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அக்காவுக்கு எல்லாம் மனப்பாடம். வாயால் சொல்கிறார். அது கருத்தல்ல, பேச்சு. சொல்லச் சொல்ல அவரும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்கிறார். குதிரை இப்போது முன்னைவிட நன்றாக விற்கிறது.

கடையின் உரிமம் ஏப்ரல் முப்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. கருத்தாளர் எண் 48 வெள்ளிக்கிழமைகளில் கீழ்த்தட்டிலிருந்து குறைவிலை ஒயின் ஒரு பாட்டில் வாங்கிக் குடிக்கிறார். அது நன்றாக இல்லை. இது அவருடைய கருத்து அல்ல. அந்தப் பிரிவில் அவர் கருத்துச் சொல்வதற்கில்லை.